வீடியோவில் சிலம்பம்: தென்மாவட்டக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிலம்பம் கற்பிக்கும் சிறு குழு ஒன்று 2020 ஊரடங்குக் காலத்தில் பயிற்சி வீடியோக்கள் போடத் தொடங்கியது. நடுவில் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கியது. 2024 வரை அங்கே நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், ஆட்களின் பெயர்களைத் தரவில்லை. நான் அந்தக் குழுவில் இல்லை. அந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன். வீடியோக்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பார்த்தும், சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டும், களத்தில் கண்டதைச் சேர்த்தும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு சிறு நகரம். ஆற்றை ஒட்டிய தோப்பில் ஆசான் ஒருவர் பல ஆண்டுகளாகச் சிலம்பம் சொல்லிக்கொடுத்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். பகலில் மர அறுவை மில்லில் வேலை, சாயங்காலம் தோப்பு. கட்டணம் கிடையாது. சேரும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய் வைத்துக் கும்பிட்டால் போதும். ஒரு காலத்தில் தோப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். 2019 வாக்கில் ஐந்தாறு பேர் வந்தாலே பெரிது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன் என்று நின்றுவிடுவார்கள். கோயில் கொடைத் திருவிழாவிலும் பொங்கல் விளையாட்டிலும் கம்பு சுற்றினால் கூட்டம் கூடிக் கைதட்டும். மறுநாள் தோப்புக்கு யாரும் வரமாட்டார்கள்.

சிலம்பம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். போட்டிச் சிலம்பத்தில் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று தனியாள் வீச்சு: ஒருவர் மட்டும் களத்தில் நின்று காலடியும் சுழற்சியும் காட்டுவார், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மற்றொன்று தொடுமுறை: இருவர் எதிரெதிரே நின்று, அடுத்தவர் உடம்பைக் கம்பு நுனியால் தொட்டுப் புள்ளி எடுப்பது. முன்பெல்லாம் நுனியில் நிறம் ஒட்டும் பொடியைத் தடவி, உடம்பில் விழுந்த தடங்களை எண்ணுவார்கள். நெற்றிப் பொட்டில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. இப்போது தலைக்கவசமும் மார்புக் கவசமும் வந்துவிட்டன. வீச்சுக்குத் தன் உடம்பு தெரிந்தால் போதும். தொடுமுறைக்கு அடுத்தவன் உடம்பும் தெரிய வேண்டும். இந்தக் குழுவுக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவைதான்.

ஆசானோடு இன்னும் இருவர். ஒருவர் அவரிடம் சிறுமியாக இருந்தபோது கற்று, இப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருப்பவர். மற்றவர் செல்போன் கடையில் வேலை பார்த்த இளைஞர். அவரும் பழைய மாணவர்.

முதல் சுற்று: தீப்பந்தம்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் தோப்பு மூடப்பட்டது. சும்மா இருந்த இளைஞர் பழைய கோயில் கொடையில் எடுத்த துண்டுப் படங்களைத் தேடி எடுத்துப் போட ஆரம்பித்தார். ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, அதுவும் முதலில் இந்தியாவில். துண்டு வீடியோக்களுக்கு அப்போது நல்ல பசி இருந்த நேரம்.

இருட்டில் இரண்டு முனையிலும் தீப்பந்தம் கட்டிச் சுற்றும் வீடியோ ஒன்று, குழு போட்ட மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பேரிடம் போய்ச் சேர்ந்தது. பின்னணியில் சினிமாப் பாட்டு, கீழே வரிசையாக 'மாஸ்', 'வேற லெவல்'. அழைப்புகளும் வந்தன. கல்யாண வரவேற்பில் சுற்றுவீர்களா, கட்சிக் கூட்டத்துக்கு வருவீர்களா, எவ்வளவு கேட்பீர்கள் என்று. கற்றுத் தருவீர்களா என்று கேட்டு வந்தது ஒன்றிரண்டு, அவையும் வெளியூர்.

ஆசிரியை இதை வேறு மாதிரி பார்த்தார். அவர் இளைஞரிடம் சொன்னதாக இருவருமே நினைவுகூர்ந்த வரி: "தம்பி, இதைப் பார்க்கிறவன் நம்மால முடியாதுன்னு நினைச்சுட்டுப் போயிடுவான். நமக்கு வேண்டியது நம்மாலும் முடியும்னு நினைக்கிறவன்." அப்படித்தான் பாடமாக எடுப்பது என்ற பேச்சு வந்தது.

ஆசானின் மறுப்பு

ஆசான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. 'எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டால் என்னிடம் ஏன் வர வேண்டும்' என்பது அவர் கவலை என்றுதான் மற்ற இருவரும் முதலில் நினைத்தார்கள். அவரிடம் உட்கார்ந்து பேசியபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு வாங்காதவருக்கு வாடிக்கை போய்விடும் என்ற பயம் எங்கிருந்து வரும்? அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்க்காமல் அடிமுறையை (எதிராளியை அடிக்கும் வித்தையை)க் கொடுக்கக் கூடாது. அவருடைய ஆசான் அவரைச் சேர்த்துக்கொள்ளுமுன் நாள்கணக்கில் தண்ணீர் தூக்கவும் களம் பெருக்கவும் வைத்துத்தான் பார்த்திருக்கிறார். இரண்டாவது, பார்த்துக் கற்றவனுக்குத் திருத்த ஆள் இல்லை.

இரண்டாவதற்கு இளைஞர் கென்யாவின் ஜூலியஸ் யேகோவைக் காட்டினார். ஈட்டி எறிதலை யூடியூப் பார்த்துக் கற்று, 2015 பெய்ஜிங் உலகத் தடகளத்தில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர். வீடியோவையே இரண்டு முறை போட்டுப் பார்த்த ஆசான் கேட்டது இதுதான்: "ஏலே, நல்லாத்தான் எறியுதான். ஈட்டிக்கு எதுக்க ஆளு நிக்கானா?"

அந்தக் கேள்விக்கு இளைஞரிடம் பதில் இல்லை. (யேகோவும் யூடியூபோடு நிற்கவில்லை, பின்னால் ஃபின்லாந்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் கற்றார். அது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.)

கடைசியில் ஒரு கோடு போட்டார்கள். வணக்க முறை, காலடி, அடிப்படை வீச்சுகள், அலங்கார வீச்சில் தொடக்க வரிசை ஆகியவை வெளியே போகலாம். உடம்பில் எங்கே அடிப்பது, பூட்டு (எதிராளியைப் பிடித்து மடக்குவது), கத்தி, மான்கொம்பு, சுருள்வாள் ஆகிய ஆயுதங்கள், இவையெல்லாம் தோப்பை விட்டுப் போகக் கூடாது. இந்தக் கோடு அதன் பிறகு மாறவில்லை. என் கணிப்பில் குழு எடுத்த முடிவுகளில் மிகப் பயன்பட்டது இதுதான். எதைக் காட்டலாம் என்பது தெளிவானதால் எதையும் காட்டுவதில் ஆசானுக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

இரண்டாம் சுற்று: எதிரே நின்ற ஆசான்

2020 கடைசியிலிருந்து 2021 முழுவதும் போட்ட வீடியோக்களில் ஆசான் கேமராவைப் பார்த்து நின்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குக் குறையாது. வணக்கத்தில் தொடங்கி நாலைந்து காலடிகளைச் சொல்லி வீச்சில் முடிப்பார். பார்த்தவர்கள் தீப்பந்தத்தைவிட மிகக் குறைவுதான், ஆனால் கேள்விகள் வந்தன. மலேசியாவிலிருந்து ஒருவர் தங்கள் ஆசான் வழியில் இதே வரிசை வேறு காலில் தொடங்கும் என்று எழுதினார். ஆசானுக்கு அது பெரிய சந்தோஷம். அங்கேயும் தலைமுறைகளாகச் சிலம்பம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கே ஒருவர் தன் காலைப் பார்த்துக் கருத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆண்டுதான் தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சிலம்பமும் சேர்ந்தது. பெற்றோர் ஆர்வம் ஒரே மாதத்தில் கூடியது. கம்பு விற்கும் கடையிலேயே அது தெரிந்தது.

களத்தில் தெரிந்தது

ஊரடங்குக்குப் பிறகு நடந்த முதல் பெரிய போட்டியில் நான் நடுவர் மேசையில் இருந்தேன். சிறுவர் பிரிவு வீச்சில் இடக்கைக்காரப் பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேர். பக்கத்தில் இருந்த நடுவரிடம் சொன்னேன், அவரும் கவனித்திருந்தார். இடைவேளையில் ஒரு பையனைக் கூப்பிட்டு, எந்தக் கையால் எழுதுவாய் என்று கேட்டேன். வலக்கை என்றான். எங்கே கற்றாய் என்றால், வீட்டில், வீடியோ பார்த்து. அப்படிச் சொன்னவர்களில் பலர் இந்தக் குழுவின் வீடியோக்களைத்தான் பார்த்திருந்தார்கள்.

காரணம் எளிது. எதிரே நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரியும். தோப்பில் ஆசான் எதிரே நின்று காட்டினாலும், பிறகு பின்னால் வந்து கையைப் பிடித்து மாற்றி வைத்துவிடுவார். வீடியோவில் அந்தக் கை இல்லை. அடிக்கும் நிலையில் வலக்கை கம்பின் அடிப்பக்கத்திலும், இடக்கை அதிலிருந்து முழத்துக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் முன்னாலும் வர வேண்டும். பிள்ளைகள் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். கால்களும் அப்படியே.

வீச்சில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இடப்பக்கமாகவும் அழகாகச் சுற்றலாம். தொடுமுறையில்தான் குட்டு உடைந்தது. வீட்டில் கற்ற பிள்ளைகள் சுழற்சியில் சுத்தமாக இருந்தார்கள். எதிரே ஆள் வந்து நின்றதும் ஒன்று, கம்பு எட்டாத தூரத்தில் நின்று காற்றைச் சுற்றினார்கள். இல்லையென்றால் எதிராளி கைக்குள் போய் நின்றார்கள். முதல் அடி வரும்போது கண்ணை மூடியவர்களும் உண்டு. தூரம் என்ற ஒன்றே அவர்கள் பாடத்தில் இருந்ததில்லை. அந்தப் பிரிவில் தொடுமுறை ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் சில தொடுதல்களிலேயே முடிந்துபோயின.

இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் பள்ளியிலும் இதே சங்கதி நடந்துகொண்டிருந்தது; ஆன்லைன் வகுப்புக் காலத்துப் பழக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காயம்

இதற்குச் சில வாரங்களுக்குள் வேறொரு ஊரிலிருந்து ஒரு தாய் அழைத்தார். ஆறாம் வகுப்புப் பையன், மாடி வீட்டு அறைக்குள் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி வீடியோ பார்த்துச் சுற்றியிருக்கிறான். இரும்புக் குழாய். கை நழுவிப் புருவத்தில் பட்டு, தையல் போட வேண்டியதாயிற்று. அந்த அம்மா திட்டவில்லை. "என்ன கம்பு, எங்க நின்னு சுத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்று மட்டும் கேட்டார்.

மூவரும் உட்கார்ந்து எல்லா வீடியோவையும் போட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. ஒன்றில்கூட எந்தக் கம்பு, என்ன நீளம், எவ்வளவு இடம் என்ற பேச்சு இல்லை. தோப்பில் அதைச் சொல்லத் தேவையே இருந்ததில்லை. ஆசானே கம்பைக் கையில் கொடுப்பார். புது ஆளுக்கு மெல்லிய, குட்டைக் கம்பு. உயரம் கூடக்கூட நெற்றி மட்டத்துக்கு மூங்கில். அதை எப்போது வெட்டுவது, தண்ணீரில் ஊறப்போட்டுத் தீயில் வாட்டி எப்படி நிமிர்த்துவது, முனை பிளக்காமல் இருக்கப் பூண் போடுவது என்று அவரிடம் ஒரு தனிப் பாடமே இருக்கிறது. அதில் ஒரு வரிகூட வீடியோவுக்குள் வந்திருக்கவில்லை.

அன்று இரவே எல்லாப் பாட வீடியோக்களையும் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இளைஞருக்கு மனசே இல்லை, ஓராண்டு உழைப்பு. குறிப்பை மட்டும் கீழே எழுதிச் சேர்க்கலாமே என்றார். கீழே எழுதியதைப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று ஆசிரியை விடவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் சுற்று: பின்னாலிருந்து எடுத்தது

மறுபடி எடுத்த விதத்தை விரிவாகச் சொல்கிறேன். மற்றக் குழுக்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இதைத்தான்.

கேமரா பின்னால் போனது. செய்து காட்டுபவரின் முதுகுதான் தெரியும். பார்ப்பவர் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பது மாதிரி. முகம் தெரியாத வீடியோவை யார் பார்ப்பார்கள் என்று இளைஞர் வாதாடினார். அதற்காக முதல் சில நொடிகள் மட்டும் முன்னாலிருந்து வணக்கம், அப்புறம் முதுகு. காலடிக்கு மட்டும் பள்ளிக் கட்டடத்தின் மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தார்கள். தரையில் கோலப்பொடியால் கோடு இழுத்து, அதன் மேல் கால் எங்கே விழுகிறது என்று காட்டினார்கள். ஆசானே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தன் பின்கால் நினைத்ததைவிட வெளியே போவதாகச் சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னார்.

வலது மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டினார்கள். இது ஆசிரியையின் யோசனை, நேர்ந்தது வேறொரு தொல்லையால். பிள்ளைகள் திருத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் தங்கள் வீடியோவை அனுப்புவார்கள். செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்கள் படத்தை இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும், சில சேமிக்காது. சரியாகப் பிடித்த பிள்ளையை 'கையை மாத்துலே' என்று ஆசான் திருத்திய கூத்தும் நடந்தது. சிவப்புத் துணி இருந்தால் படம் எப்படித் திரும்பினாலும் வலக்கை எதுவென்று தெரியும். கற்பவரும் கட்ட வேண்டும், காட்டுபவரும் கட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒரு முழத் துணியில் இடக்கைச் சிக்கல் ஏறக்குறைய முடிந்தது.

கம்பின் இரு முனைகளுக்கும் வேறு வேறு நிற டேப். சுழலும்போது எந்த முனை முன்னால் வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். படம் எடுக்கும் நேரத்தைக் காலை வெயிலுக்கு மாற்றினார்கள். சாயங்கால மங்கலில் கம்பு வெறும் புகைக்கோடாகத்தான் பதிந்தது. பழைய வீடியோக்களில் கம்பு வில்லாக வளைந்து தெரிவதைப் பார்த்துப் பலர், இந்த வளையும் கம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, வரிவரியாக எடுக்கிறது; அந்த இடைவெளிக்குள் கம்பு நகர்ந்துவிடுவதால் நேர்க்கம்பும் வளைந்து தெரியும். இதைச் சொல்வதற்கே ஒரு சிறு வீடியோ போட வேண்டியிருந்தது. சுழற்சிகளை மெதுவாக ஒருமுறை, உள்ளபடி ஒருமுறை செய்து காட்டினார்கள்.

பாட்டை நிறுத்தினார்கள். இதற்கு ஆசான் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. அவர் பாதிக் குறையைக் காதால்தான் பிடிப்பார். சுழற்சி சீராக இருந்தால் 'விர்... விர்...' என்று ஒரே இடைவெளியில் கேட்கும். மணிக்கட்டு இறுகினால் ஒன்றுவிட்டு ஒன்று அமுங்கும். பிள்ளைகளுக்கும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்றார். மைக்கைத் தரைக்குப் பக்கத்தில் வைத்ததில் காலடிச் சத்தமும் சேர்ந்து கிடைத்தது.

நீளத்தைக் குறைத்தார்கள். ஒரு வீடியோவில் ஒரே ஒரு விஷயம், இரண்டு மூன்று நிமிடம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தொடங்கும்: கம்பைச் செங்குத்தாக நிறுத்தி உயரம் பார்ப்பது, கையை நீட்டிக் கம்போடு ஒரு சுற்றுச் சுற்றி இடம் பார்ப்பது, மேலே மின்விசிறியோ கம்பியோ இல்லை என்று அண்ணாந்து பார்ப்பது. சொல்லாமல் செய்து மட்டும் காட்டுவார்கள். பிள்ளைகள் அதையும் வரிசையில் ஒரு பகுதி என்று நினைத்து அப்படியே செய்கிறார்கள். போட்டிக் களத்திலேயே அண்ணாந்து பார்த்த ஒரு சிறுமியைக் கண்டிருக்கிறேன்.

தலைப்பு வைப்பதில் அதிகம் மெனக்கெடவில்லை. சனங்கள் எப்படித் தேடுவார்களோ அப்படி: 'கம்பு சுத்துவது எப்படி, பாடம் 1'.

பிள்ளைகளைக் காட்டுவது பற்றி

முந்தைய சுற்றில் சிறுவர்கள் மட்டுமே தெரிந்த சில வீடியோக்களுக்குக் கீழே கருத்து எழுதும் வசதி இல்லாமல் போயிருந்தது. பிள்ளைகள் பாதுகாப்புக்காக 2019லிருந்தே யூடியூப் அப்படிச் செய்து வருகிறது. கேள்வி கேட்க வழி இல்லாத பாடம் பாதிப் பாடம்தான். அதனால் பொதுவில் போடும் வீடியோக்களில் பெரியவர்கள் மட்டும் வருவது என்றும், பிள்ளைகள் அனுப்புபவை வாட்ஸ்அப் குழுவைத் தாண்டாது என்றும் வைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஆனதும், ஆசானுக்கு முழங்கால் வலி என்பதால், பெரும்பாலான பாடங்களை ஆசிரியையே செய்து காட்ட வேண்டி வந்தது. சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு தோப்புக்கு வந்து விசாரித்தவர்களில் பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் கூடுதல். யாரும் இதைத் திட்டமிடவில்லை.

தொடுமுறைக்கு வீடியோ இல்லை

இருவர் ஆடும் பாடத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டிலிருந்து, தூரத்தை அளந்து, மெதுவாக. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம் களத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அடி வருமுன் எதிராளியின் தோள் அசைவதைப் படிப்பதற்கும், அரை அடி பின்னால் சாய்ந்தால் போதும் என்று உடம்புக்குப் புரிவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும். ஆசான் முன்பே கேட்ட கேள்விதான்.

அந்த வீடியோக்களை வெளியிடாமல் விட்டார்கள். பதிலாக மாதம் ஒரு ஞாயிறு, காலையில் தோப்பில் கூடல். வீட்டில் கற்பவர்கள் எந்த ஊரானாலும் வரலாம். அன்று முழுக்க இருவர் ஆட்டம் மட்டும். கவசங்களைப் பள்ளியிலிருந்தும், பழைய மாணவர்கள் வாங்கித் தந்ததிலிருந்தும் சேர்த்தார்கள். ஒவ்வொரு பாட வீடியோவின் முடிவிலும் அடுத்த கூடலின் தேதி வரும்.

விளைவு

தனியாக வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்காகத்தான் எல்லாம் செய்தார்கள். ஆனால் அதிகம் பயன்படுத்தியவர்கள் அவர்கள் அல்ல.

முதலில் வந்தவர்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளை, அறுபது பிள்ளைகள், கையில் இருபது கம்பு. இரண்டு நிமிட வீடியோ அவர்களுக்குச் சரியாகப் பொருந்தியது. காலையில் போனில் பார்த்துவிட்டு மைதானத்தில் தாங்களே செய்து காட்டினார்கள். பிள்ளைகள் கையில் போன் தேவைப்படவில்லை.

நான் முக்கியமாகக் கருதுவது இரண்டாவது. பக்கத்து வட்டத்தில், ஆசான் யாரும் மிஞ்சாத ஒரு ஊர். அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சிறுவயதில் நன்றாகக் கற்று, கல்யாணத்துக்குப் பிறகு கம்பைத் தொடாதவர். வீடியோக்களை வரிசையாகப் பார்த்துவிட்டு ஒரு கூடலுக்கு வந்தார். அவர் ஆடியதைப் பார்த்தால் வீடியோவில் கற்க அவருக்கு எதுவுமே இல்லை. அப்புறம் எதற்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு ஆடத் தெரியும் சார். எதுல ஆரம்பிச்சு எதுல முடிக்கணும்னு சொல்லிக்குடுக்கத்தான் தெரியாது. எங்க வாத்தியார் ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொண்ணா சொல்லுவார்" என்றார். இப்போது அவர் ஊர்ச் சமுதாயக் கூடத்துத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். அவரைப் போல இன்னும் சிலர் கிளம்பினார்கள். சிலம்பத்துக்கு ஆள் இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஊர்களில் ஆள் இருந்தார்கள். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தைரியம்தான் இல்லாமல் இருந்தது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தச் சமயத்தில் விசாரிப்புகள் மறுபடி கூடின. கூடவே, எத்தனை மாதத்தில் சான்றிதழ் கிடைக்கும், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்ற கேள்விகளும். சங்கங்கள் பலவாகக் கிடக்கும் விளையாட்டில் இது தவிர்க்க முடியாதது. குழு அதில் தலையிடவில்லை. வேலைவாய்ப்புப் பற்றிக் கேட்பவர்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறது. சான்றிதழுக்காக மட்டும் வந்த பிள்ளைகள் சிலர் சில மாதங்களில் நின்றுவிட்டார்கள்.

வேறொரு ஊர் ஆசான், தங்கள் வழி வரிசையைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டதும் நடந்தது. இவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். வீடியோக்களின் தொடக்கத்தில், இது இன்ன ஆசான் வழியில் வந்தது, மற்ற ஊர்களில் வேறு மாதிரி இருக்கும் என்று ஒரு வரி சேர்ந்தது. அவரும் சமாதானமானார் என்று சொல்ல முடியாது. பேச்சு மட்டும் இருக்கிறது.

இனி மாற்ற நினைப்பவை

கூடலை மூன்றாம் சுற்றில் சேர்த்ததற்குப் பதில் முதல் வீடியோவோடேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. ஆசிரியை இன்னொன்றையும் சொல்கிறார்: கற்பவருக்கான வீடியோவோடு, கற்பிப்பவருக்கான வீடியோவும் தனியே வேண்டும். பிள்ளை எங்கே தவறும், அதை எங்கே நின்று பார்த்தால் தெரியும், எந்த இடத்தில் கையைப் பிடிக்க வேண்டும் என்பவை. அதை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேனல் முழுக்க இளைஞரின் சொந்தக் கணக்கில், அவர் செல்போன் எண்ணில் இருந்தது. அவர் வேலைக்குத் தோஹா போனபோது அந்த எண் அடங்கிவிட்டது. புது போனிலிருந்து உள்ளே நுழைய ஓடிபி வர வழியில்லாமல் பல வாரம் புதிதாக எதுவும் போட முடியவில்லை. இப்போது இருவர் பொறுப்பில் இருக்கிறது. தொடங்கும்போதே செய்திருக்க வேண்டிய, ஐந்து நிமிட வேலை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தவற்றையும் ஆசான் பதிவு செய்ய ஒத்துக்கொண்டார், வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அடிமுறையும் பூட்டுகளும் சுருள்வாளும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஆசிரியை வீட்டு பீரோவில் இருக்கின்றன. ஆசான் காலத்துக்குப் பிறகு அதை யார் திறக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்பது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. அவர் திடமாக இருக்கும்போதே இரண்டு மாணவர்கள் பெயரை எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "அதுக்கென்ன அவசரம்" என்கிறார் ஆசான்.